கல்லூரி நூலகத்தில் ஊர் எழுத்தாளர்களையும் மாணவர் எழுத்தையும் கொண்டாடுவது எப்படி: செட்டிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி நூலகத்தில் எழுத்தாளர் விழா என்றதும் பேனருக்கும் பொன்னாடைக்கும் ஓடத் தொடங்கிவிடுகிறோம். விழாவும் நன்றாகவே நடக்கிறது. மறுநாள் காலை ஒரு மாணவி வந்து, நேற்றுப் பேசியவரின் புத்தகத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிகிறதா? கணினியில் அவர் பெயரைத் தட்டினால் ஏதாவது வருகிறதா? மாணவர்கள் எழுதியவற்றின் நிலை இதைவிடப் பரிதாபம். ஆண்டு மலரில் அச்சாகும், ஒரு கட்டு அலுவலக அறையில் தங்கும், சில ஆண்டுகளில் அதுவும் பழைய பேப்பரோடு போய்விடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் விழா கடைசியில்தான் வருகிறது. முதலில் அலமாரி, அடுத்து நூல்களின் தேடுபட்டியலான கேட்டலாக், பிறகு மாணவர் எழுத்து, அதற்குப் பின் மேடை. ஓர் எழுத்தாளரைக் கொண்டாடுவது என்றால், அவர் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி வைத்திருப்பது என்றே நான் நினைக்கிறேன். மாணவருக்கும் அதே அளவுகோல்தான். தான் எழுதியதற்கு ஓர் அக்சஷன் எண்ணும் (நூலகப் பதிவேட்டு எண்) பார்கோடும் ஒட்டப்பட்டு, அதை முகம் தெரியாத ஒருவர் இரவல் வாங்கிப் போவதைப் பார்க்கும் பிள்ளை தொடர்ந்து எழுதும்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் தொடங்கினால் பிப்ரவரியில் விழா வைக்கலாம். நூலகர், தமிழ்த்துறையிலிருந்து ஓர் ஆசிரியர், மற்றத் துறைகளிலிருந்து இரண்டு ஆசிரியர்கள், பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் இருந்தால் போதும். வணிகவியல், வேதியியல் மாணவர்களைக் கட்டாயம் சேருங்கள். தமிழ்த்துறை மட்டும் செய்தால் இது தமிழ் மன்ற விழாவாகச் சுருங்கிவிடும்.

முதல் படி: யார் ஊர் எழுத்தாளர்?

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி எளிது என்று தோன்றும். சிறுகூடல்பட்டி என்றால் கண்ணதாசன், அவ்வளவுதானே என்பார்கள். பட்டியல் போட உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். பிறந்த ஊரை வைத்துச் சேர்ப்பதா, வாழ்ந்த ஊரை வைத்தா, எழுதிய பொருளை வைத்தா? இதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நூல் வரும்போதும் வாக்குவாதம் நடக்கும்.

நான்கில் ஏதாவது ஒன்று பொருந்தினால் சேர்க்கலாம் என்பது என் யோசனை: இப்பகுதியில் பிறந்தவர், இங்கே பல காலம் வாழ்ந்தவர் அல்லது வேலை பார்த்தவர், இப்பகுதியைப் பற்றி எழுதியவர், நூலோ இதழோ பதிப்பித்த இப்பகுதிக்காரர். நான்காவதை விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பதிப்புலகத்துக்கு இந்த மண் கொடுத்த ஆட்கள் மிக அதிகம். சக்தி வை. கோவிந்தன் இராயவரத்துக்காரர். வானதி திருநாவுக்கரசு தேவகோட்டைக்காரர். சொ. முருகப்பாவின் ‘குமரன்’ காரைக்குடியிலிருந்து வந்த இதழ். 1917-ல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்தை ராய. சொக்கலிங்கமும் நண்பர்களும் தொடங்கினார்கள். 1919-ல் பாரதியார் அங்கே வந்து, அந்தச் சங்கத்தை வாழ்த்திப் பாடியிருக்கிறார். இப்படிப்பட்ட ஊரில் எழுதியவரை மட்டும் சேர்த்து, எழுத்தை அச்சேற்றியவரை வெளியே நிறுத்துவது நியாயமில்லை.

எல்லையிலும் தாராளமாக இருங்கள். செட்டிநாடு ஒரு மாவட்டத்தின் பெயரில்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். இராயவரமும் மேலைச்சிவபுரியும் புதுக்கோட்டை மாவட்டம். மாவட்டக் கோட்டை வைத்து வெட்டினால் பாதிச் செட்டிநாடு போய்விடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நகரத்தார் எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆத்தங்குடியில் பூக்கல் வார்ப்பவர், கண்டாங்கி நெய்பவர், கண்மாய்ப் பாசனத்தை நம்பி வெள்ளாமை செய்பவர், திண்ணையில் கதை சொன்ன ராவுத்தர் வீட்டுப் பெரியவர் எல்லாருக்கும் இந்த மண்ணில் பேச்சும் பாட்டும் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அலமாரியில் தன் வீட்டுச் சாயல் இல்லை என்று தெரிந்தால் ஒரு மாணவன் அதன் பக்கமே வரமாட்டான்.

எவை நூல் என்பதையும் முடிவு செய்யுங்கள். நாவல், கவிதை, ஆராய்ச்சி நூலோடு மணிவிழா மலர், குடமுழுக்கு மலர், கோயில் வரலாறு, சங்க ஆண்டறிக்கை, கும்மிப் பாட்டுத் தொகுப்பு, கையெழுத்துப் பத்திரிகை ஆகியவற்றையும் சேருங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுத்த மலர்களில் ஊர் வரலாறும் குடும்ப வரலாறும், பர்மா, மலேயா போய் வந்தவர்களின் நினைவுகளும் கிடக்கும். அவை கடைக்கு விற்பனைக்கு வந்ததே இல்லை என்பதால் பெரிய நூலகங்களுக்கும் எளிதில் போய்ச் சேராதவை.

இரண்டாம் படி: முதலில் சொந்த அலமாரியைத் தேடுங்கள்

வெளியே போவதற்கு முன் உங்கள் நூலகத்திலேயே ஒரு வாரம் தேடுங்கள். கவிதை அடுக்கில் ஒன்று, வரலாற்றில் ஒன்று, பூட்டிய பீரோவில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். முன்னாள் பேராசிரியர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த நூல்களைத் தனியே எடுங்கள். பழைய ஆண்டு மலர்களைத் துறை அலுவலகங்களில் கேளுங்கள். விடுபட்ட ஆண்டுகளை மட்டும் எழுதி, முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் யார் வீட்டிலாவது ஒரு பிரதி இருக்கும்.

மூன்றாம் படி: வீடுகளுக்குப் போவது

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

ஒரு தனி மனிதர் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கோட்டையூரில் ஒரு சான்று இருக்கிறது. ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாள் முழுக்கத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை அடித்தளமாக வைத்து 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய துண்டுப் பிரசுரத்தையும் அவர் ஒதுக்கவில்லை. உங்கள் மாணவர் குழுவை வீடுகளுக்கு அனுப்பும் முன் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள். எதைத் தேட வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே இருக்கும். குடும்பத்தார் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), கோயில் திருவிழா என்று ஊர்கூடும் நாட்களில்தான் கதவு திறக்கும். அதனால் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, எந்த வீட்டில் எப்போது விசேஷம் என்று குறித்துக்கொள்ளுங்கள். விசேஷத்தன்று போகாதீர்கள், அவர்கள் கைவேலையாக இருப்பார்கள். விசேஷம் முடிந்த மறுநாள் முகப்பில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

ஊரில் அறிந்த ஒருவரோடு போங்கள். முதல் தடவையிலேயே புத்தகத்தைக் கேட்காதீர்கள். “ஆச்சி, எடுத்துக்கிட்டுப் போக வரலை, இந்த வீட்டுல யாரு எழுதுனாங்க, என்ன படிச்சாங்கன்னு தெரிஞ்சுக்க வந்தோம்” என்று தொடங்கினால் பேச்சு வரும். ஆச்சி சொல்வதை ஒரு மாணவி குறிப்பெடுக்கட்டும். ஒலிப்பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒரு டிரங்குப் பெட்டி இருப்பதாக அவரே ஒருநாள் சொல்வார்.

நூல் கைக்கு வருவது மூன்று விதமாக நடக்கலாம்: நன்கொடை, இரவல் வாங்கி ஸ்கேன் செய்து திருப்புவது, அங்கேயே படம் எடுத்துக்கொள்வது. மூன்றுக்கும் ஒரு பக்கப் படிவம் வைத்திருங்கள். நூல் பெயர், நிலை, யாருடையது, எந்த விதத்தில் வந்தது, இரவல் என்றால் திருப்பும் தேதி, இருவர் கையெழுத்து, ஒரு நகல் வீட்டாருக்கு. அந்தத் தாளைக் கையில் கொடுக்கும்போதுதான் கல்லூரி மீது வீட்டாருக்கு நம்பிக்கை வருகிறது. பேரேடுகளும் கொடுக்கல் வாங்கல் கடிதங்களும் வந்தால் ஆசைப்பட்டு வாங்கி வைக்காதீர்கள். அவற்றில் அடுத்த குடும்பங்களின் கடன் விவரம் இருக்கும். குடும்பத்தார் எழுத்தில் சம்மதித்தால் மட்டும், யார் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. வீடு பிரிக்கும்போது மரச் சாமான்களோடு காகிதமும் அங்கே வரும். அந்தக் கடைக்காரர்களோடு பழகி வையுங்கள். தூண் வாங்க வருபவர்கள் அந்தக் காகிதத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான்காம் படி: வந்ததைக் காப்பது

புதிதாக வந்த எதையும் நேராக அலமாரிக்கு ஏற்றாதீர்கள். ஒரு தனி மேசையில் வைத்து, பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிர்விக்கும் ஃபிரீசரில் ஒரு வாரம் வைக்கலாம். உயிரியல் துறையில் இப்படிப்பட்ட ஃபிரீசர் இருக்கக்கூடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பின்தான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு நூலால் தையுங்கள். செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரை ஒட்டிய அடுக்கு ஓதம் வாங்கும் என்பதால் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

ஐந்தாம் படி: கேட்டலாக்

இதைத் தட்டச்சு வேலை என்று நினைத்து ஒரு தற்காலிக ஊழியரிடம் தள்ளிவிடுகிறார்கள். முழு முயற்சியும் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

நம் பகுதி எழுத்தாளர்களின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணதாசனின் இயற்பெயர் முத்தையா. சோமலெ என்று அட்டையில் இருப்பவர் சோம. இலட்சுமணன் செட்டியார். தமிழண்ணலின் ஆரம்பகால எழுத்தைத் தேடினால் இராம. பெரியகருப்பன் என்று தேட வேண்டும். ஏ.கே. செட்டியார் என்றால் உலகம் சுற்றிய, ‘குமரிமலர்’ நடத்திய, 1940-ல் காந்தி ஆவணப் படத்தைக் கொண்டுவந்த கருப்பன் செட்டியார். வ. சுப. மாணிக்கம் ஒரு நூலில் மாணிக்கம், இன்னொன்றில் மாணிக்கனார், முதலெழுத்துகளுக்கு நடுவே ஒரு நூலில் புள்ளி இருக்கும், ஒரு நூலில் இருக்காது. கணினிக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆட்கள். செட்டிநாட்டில் முதலெழுத்து வரிசையும் நீளம். ஒரே பெயர் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பி வரும் வழக்கமும் உண்டு. தாத்தாவின் நூலைப் பேரன் கணக்கில் ஏற்றிவிட வாய்ப்பு அதிகம்.

இதற்குத் தீர்வு பெயர் ஆவணம், அதாவது ஒருவரின் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒன்றாகக் கட்டும் கணினிப் பதிவு. இலவசமாகக் கிடைக்கும் கோஹா என்ற நூலக மென்பொருள் பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. நூலக விவரங்களை எண்ணிட்ட புலங்களில் (கட்டங்களில்) பதியும் மார்க் 21 முறைப்படி ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஓர் ஆவணம் தொடங்கி, நீங்கள் தேர்ந்த வடிவத்தை 100-ம் புலத்திலும் மற்ற எல்லா வடிவங்களையும் 400-ம் புலத்திலும் போடுங்கள். புனைபெயர், இயற்பெயர், ஆங்கில எழுத்தில் எழுதும் விதம் எல்லாம் 400-ல் வர வேண்டும். யார் எப்படித் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். பிறந்த ஆண்டைச் சேர்த்தால் தாத்தாவும் பேரனும் பிரிந்துவிடுவார்கள்.

அடுத்தது ஊர். நூலின் பதிவில் 651-ம் புலத்தில், நூல் எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊரைப் போடுவது வழக்கமான முறை. எழுத்தாளரின் ஊரைப் பெயர் ஆவணத்தின் 370-ம் புலத்தில் சேருங்கள். ஊர்வாரியாகப் பார்க்கும்போதுதான் இந்தப் பகுதியின் அருமை தெரியும். ரோஜா முத்தையாவும் ஏ.கே. செட்டியாரும் கோட்டையூர். சோமலெயும் தமிழண்ணலும் நெற்குப்பை. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் பிறந்தது மகிபாலன்பட்டி. கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றமும் அதுதான் என்கிறார்கள். பண்டிதமணி முன்னின்று 1909-ல் சன்மார்க்க சபை கண்ட மேலைச்சிவபுரியில்தான் 1917-ல் வ. சுப. மாணிக்கம் பிறந்தார். தன் ஊர்ப் பெயரைத் தட்டி இதைப் பார்க்கும் மாணவருக்கு வேறு ஊக்கவுரை தேவைப்படாது.

வகைப்பாட்டு எண்ணை மாற்ற வேண்டாம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் தமிழ்க் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. எண்ணுக்கு முன்னால் ஊர் எழுத்தாளருக்குச் ‘செ’, மாணவருக்கு ‘மா’ என்று ஓர் எழுத்து மட்டும் சேருங்கள். நூல் தனி அலமாரியில் இருக்கும், நாளை பொது அடுக்குக்கு மாற்றினாலும் எண் குழம்பாது. நன்கொடை விவரத்தை 541-ம் புலத்தில் போடுங்கள். கொடுத்தவர் வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால் உடனே காட்டலாம்.

இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை இரவலுக்கு விடுங்கள். ஒரே பிரதி என்றால் நகலெடுத்து நகலையாவது விடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் பூட்டுவதற்காக இவ்வளவு பாடுபடவில்லை.

ஆறாம் படி: மாணவரை எழுத வைப்பது

“கவிதை, கட்டுரை, சிறுகதை வரவேற்கப்படுகின்றன” என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அம்மா, மழை, காதல் என்று ஒரே மாதிரி நூறு கவிதை வரும். பிள்ளைகள் மீது குறையில்லை. எதைப் பற்றி எழுதலாம் என்று நாம் சொல்லவில்லை.

பொருளைக் கொடுங்கள். கல்லூரிக்கு வரும் பேருந்தில் தினமும் ஏறும் ஒருவர். ஆத்தங்குடிக் கல் ஒன்று கண்ணாடி மேல் வார்ப்பதிலிருந்து காய்வது வரை. அப்பத்தா பாடும் தாலாட்டு, அதில் வரும் ஊர்ப் பெயர்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் ஒரு நாள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு முந்தின இரவு. அம்மா பலகாரக் கடையில் மணகோலம் சுற்றும் வேலை. கணக்கியல் மாணவருக்கு வட்டிக்கடைக் கணக்கு முறை, வேதியியல் மாணவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்ந்த சுவர்ப் பூச்சு. துறை எதுவானாலும் எழுதப் பொருள் இருக்கிறது.

வாரம் ஒருநாள், கடைசி மணி நேரத்தில், நூலகத்தின் ஒரு மூலையில் வாசிப்பு வட்டம் வையுங்கள். முதலில் ஊர் எழுத்தாளர் ஒருவரின் இரண்டு பக்கத்தை யாராவது வாய்விட்டுப் படிக்கட்டும். அப்புறம் மாணவர் ஒருவர் தன்னுடையதைப் படிக்கட்டும். கேட்டவர்கள், தங்கள் மனதில் நின்ற ஓர் இடத்தையும் புரியாத ஓர் இடத்தையும் மட்டும் சொன்னால் போதும். மார்க்கும் தரவரிசையும் வேண்டாம். பரிசுப் போட்டி வைத்தால் மூன்று பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள். போட்டியை விட்டுவிட்டுத் தொகுப்பை நோக்கி எல்லாரையும் நகர்த்துங்கள்.

திருத்துவதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் பொருள் மட்டும்: எங்கே இன்னும் விவரம் வேண்டும், எங்கே மேடைப் பேச்சு போல வீங்கியிருக்கிறது. ஒற்றுப்பிழையும் சந்தியும் இரண்டாம் சுற்றில். முதல் நாளே சிவப்புப் பேனாவை எடுத்தால் பிள்ளை பயந்து, தனக்குத் தெரிந்த பாடநூல் வாக்கியங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். உரையாடலில் ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ இருந்தால் இருக்கட்டும். அதை ‘அங்கே’, ‘இங்கே’ என்று மாற்றிவிட்டால் அது அந்த ஊர் அப்பத்தா பேச்சாகவே இருக்காது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கி வருபவர்களும் இருப்பார்கள். மிரட்ட வேண்டாம். முதல் வரைவைக் கையால் நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள், யாரிடம் பேசினாய், எங்கே பார்த்தாய் என்று வட்டத்தில் கேளுங்கள். ஆத்தங்குடிக்குப் போய் வந்த பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.

சிவகங்கைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிஞர் மீரா, ‘அன்னம்’ பதிப்பகத்தைத் தொடங்கிப் பல புதிய எழுத்தாளர்களின் நூல்களைக் கொண்டுவந்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் சென்னையை எதிர்பார்க்காமல் இதைச் செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கும் முன்னுதாரணம் அது. மாணவர்களிடம் அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள்.

ஒப்புதல் படிவத்தை மறக்காதீர்கள். எழுத்தின் உரிமை மாணவருடையது, கல்லூரியுடையது இல்லை என்று அதில் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அச்சிட, நூலகத்தில் வைக்க, இணையத்தில் போட என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். அச்சுக்குச் சரி, இணையத்துக்கு வேண்டாம் என்று சொல்லப் பல மாணவிகளுக்குக் காரணம் இருக்கும், துருவிக் கேட்க வேண்டாம். புனைபெயரும் அனுமதியுங்கள். முதலாண்டு மாணவர் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது, அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வாங்குங்கள்.

ஏழாம் படி: அச்சு

முதல் ஆண்டில் பெரிய புத்தகம் வேண்டாம். டெமி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவில், சென்டர் பின் அடித்த 48 அல்லது 64 பக்கச் சிறுநூல் போதும். பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஆஃப்செட்டில் அடிப்பதென்றால் ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) கணக்கில் 16-ன் மடங்காக இருப்பது சிக்கனம். பிரதிகள் குறைவென்றால் டிஜிட்டல் அச்சுக்குப் போங்கள்.

எல்லாப் படைப்புகளையும் யூனிகோடில் வாங்குங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்தால் மாற்றிய பிறகு ஒருமுறை முழுதும் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். மெய்ப்பை எழுதியவர், இன்னொரு மாணவர், ஓர் ஆசிரியர் என்று மூவர் பார்க்கட்டும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் இருப்பது போல முதல் பதிப்பு, மாதம், ஆண்டு, அளவு, பக்கம், அச்சகத்தின் பெயர் எல்லாம் இரண்டாம் பக்கத்தில் வரட்டும். ஐம்பது ஆண்டு கழித்து இதைக் கேட்டலாக் செய்யப் போகும் நூலகர் நன்றி சொல்வார்.

நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. விண்ணப்பத்தை நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். 1954-ம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் சட்டம் சொல்லும் மற்ற நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். இதைச் சடங்காக எண்ணாதீர்கள். பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ இருந்து வரும் பிள்ளையின் பெயர் கன்னிமாரா அட்டவணையில் ஏறுகிறது. நம் நூலகத்துக்கு இருபது பிரதியாவது ஒதுக்குங்கள்.

எட்டாம் படி: விழா நாள்

நூலகர் நாளான ஆகஸ்ட் 12, நூலக வார விழாவான நவம்பர் 14 முதல் 20 வரை, உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23 என்று மூன்று நாட்களைச் சொல்வார்கள். ஆகஸ்டுக்குள் எதுவும் தயாராகாது. நவம்பரும் ஏப்ரலும் செமஸ்டர் தேர்வுக் காலம். தாய்மொழி நாளான பிப்ரவரி 21-ஐ ஒட்டி வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போனவர்களும் திரும்பியிருப்பார்கள். சிவராத்திரி எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சமயம் குலதெய்வக் கோயிலுக்குப் பாதி வகுப்பு போய்விடும். பங்குனிக்குத் தள்ளினால் காரைக்குடியிலும் நாட்டரசன்கோட்டையிலும் கம்பன் திருநாள் வந்துவிடும். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழாவோடு போட்டி போடுவதைவிட, அங்கே உங்கள் மாணவரைக் கேட்கக் கூட்டிப் போவது நல்லது.

விழாவை நூலகத்துக்குள்ளேயே நடத்துங்கள். கலையரங்கத்துக்குக் கொண்டுபோனால் கூட்டம் சேரும், புத்தகம் கண்ணில் படாது. நூலக மேசைகளை ஊர்வாரியாகப் பிரியுங்கள். நெற்குப்பை மேசை, தேவகோட்டை மேசை என்று ஒவ்வொன்றிலும் அந்த ஊர் எழுத்தாளர்களின் நூல்களையும், அதே ஊரிலிருந்து வரும் மாணவர் எழுதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். மேசையருகே அந்த ஊர் மாணவரே நின்று விளக்கட்டும்.

மேடை நிகழ்ச்சியில் ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் விடாமல் செய்யுங்கள். மூத்த எழுத்தாளர் ஒருவரின் பக்கத்தை மாணவர் வாசிக்க, அந்த மாணவரின் பக்கத்தை மூத்தவர் வாசிக்க வேண்டும். இதற்கு இரண்டு வாரம் முன்பே மாணவர் எழுத்தை அவரிடம் கொடுத்து, அவர் கருத்தையும் வாங்கி வையுங்கள். காலமான எழுத்தாளர் என்றால் குடும்பத்தில் ஒருவரை அழையுங்கள். நூல் கொடுத்த வீடுகளுக்குக் கல்லூரித் தபாலில் அழைப்பிதழ் அனுப்பினால் போதாது, மாணவர்கள் நேரில் போய் வைக்கட்டும். நம் பக்கத்து வழக்கம் அது.

வாழ்த்துரைகளுக்கு மொத்தமாகவே அரை மணி நேரம் ஒதுக்கி, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொன்னாடைக்குப் பதில் புதிய நூல்களைக் கொடுங்கள். எழுத்தாளருக்குப் போக்குவரத்துச் செலவைக் கவரில் வைத்துக் கையில் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்கும் நிலையில் யாரையும் நிறுத்தக் கூடாது. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வாசலுக்கு வெளியே, எண்ணெய்க் கை நூல் பக்கம் வரவேண்டாம்.

விழாவன்றே ஓர் இரவல் கவுன்டர் திறந்திருக்கட்டும். மாணவர் தொகுப்பு கேட்டலாக்கில் ஏறி, பார்கோடு ஒட்டி, அலமாரியில் இருக்க வேண்டும். முதல் பிரதியை முதல்வர் மேடையில் வெளியிடுவதோடு நிற்காமல், தன் நூலக அட்டையில் பதிந்து எடுத்துப் போகட்டும்.

ஒன்பதாம் படி: விழாவுக்குப் பிறகு

எதை இணையத்தில் போடலாம் என்ற கேள்வி இப்போது வரும். எழுத்தாளர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. பண்டிதமணி 1953-ல் மறைந்தார், அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2014-லிருந்து பொதுவுடைமை. கண்ணதாசன் மறைந்தது 1981-ல், அவர் நூல்களுக்கு 2041 முடியும் வரை உரிமை இருக்கிறது. எழுத்தாளர் மறைந்த பின் முதன்முறை வெளியான நூலுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அவற்றில் நிறைய, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருக்கின்றன. ஸ்கேன் செய்யத் தொடங்கும் முன் அங்கே பார்த்துவிடுங்கள்.

வேறெங்கும் இல்லாததை மட்டும் நீங்கள் ஸ்கேன் செய்யுங்கள்: மணிவிழா மலர்கள், கையெழுத்துப் பத்திரிகைகள், பழைய ஆண்டு மலர்கள். 300 முதல் 400 டிபிஐ, மூலக் கோப்பு டிஃப் வடிவில், வாசகருக்குப் பிடிஎஃப். முதுகு ஒடியும் நிலையில் உள்ள நூலை ஸ்கேனரில் அழுத்தாமல் மேலிருந்து கேமராவில் எடுங்கள். மின்கோப்புகளைச் சேமித்துத் தேடித்தரும் டிஸ்பேஸ் போன்ற இலவச மென்பொருளில் ஏற்றலாம். மூலக் கோப்புகளின் ஒரு பிரதி கல்லூரிக்கு வெளியே எங்காவது இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ‘செ’, ‘மா’ வரிசையில் எத்தனை நூல் இரவல் போனது என்று கோஹாவில் அறிக்கை எடுத்துப் பாருங்கள். அசையாத நூலை முகப்பு மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மாணவரின் எழுத்து நான்கைந்து முறை இரவல் போயிருந்தால் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒப்படைப்பு. குழுவில் பாதிப் பேர் மே மாதத்தோடு படிப்பு முடிந்து போய்விடுவார்கள். இரண்டாமாண்டு மாணவர் இருவரிடம் ஒரு நோட்டை ஒப்படைக்கச் சொல்லுங்கள். போன வீடுகள், பேசிய ஆட்கள், “அடுத்த படைப்புக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன்” என்று சொன்னவர்கள், பெயர் ஆவணத்தில் இன்னும் தீராத சந்தேகங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரவல் வாங்கிய நூல்களின் படிவங்களை அன்றே எடுத்து, திருப்பாமல் ஏதாவது தங்கியிருந்தால் கோடை விடுமுறைக்கு முன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்.